பலகையில் 48 லட்சம், டெண்டரில் 39 லட்சம்: மீதி எங்கே?

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகும் 1.6 கிலோமீட்டர் சாலையைப் போன வருடம் புதிதாகப் போட்டார்கள். ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் தார் பெயர்ந்து ஜல்லி வெளியே வந்துவிட்டது. வேலை நடந்தபோது வைத்த பலகையில் மதிப்பீடு 48 லட்சம் என்று போட்டிருந்தது. விவரம் தெரிந்த ஒருவர், டெண்டர் 39 லட்சத்துச் சொச்சத்துக்குத்தான் போனது என்கிறார். அப்படியானால் மீதி 9 லட்சம் எங்கே? ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால், எல்லாம் ஆன்லைனில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். டெண்டர் இணையதளத்தைத் திறந்தால் லாகின் கேட்கிறது. ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினாலும் ஒன்றும் வரவில்லை. இதையெல்லாம் என்னைப் போன்றவர்கள் பார்க்கலாமா? பார்த்தால் வம்பு ஏதும் வருமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்: சகோதரிக்கு வணக்கம். தாராளமாகப் பார்க்கலாம். அரசு யாருக்கு வேலை கொடுத்தது, என்ன தொகைக்குக் கொடுத்தது என்பது மக்கள் பார்ப்பதற்காகவே வெளியிடப்படும் விவரம். 1998-ம் வருடத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும், 2000-ல் வந்த அதன் விதிகளும் டெண்டர் அறிவிப்போடு நின்றுவிடவில்லை. எந்த டெண்டர் ஏற்கப்பட்டது, மற்றவர்கள் கேட்ட விலை என்ன, நிராகரித்திருந்தால் ஏன் என்பதையும் வெளியிடச் சொல்கின்றன. அந்த இணையதளத்தில் நீங்கள் பார்த்த லாகின் உங்களுக்கானது இல்லை. டெண்டர் போடுகிற ஒப்பந்ததாரர்களும் அதைத் திறக்கிற அலுவலர்களும் டிஜிட்டல் கையெழுத்தோடு உள்ளே போகும் வாசல் அது. தேடிப் பார்ப்பதற்கு லாகினும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். டெண்டர் விவரம் தருகிறோம் என்று சந்தா கேட்கும் தனியார் தளங்கள் நிறைய இருக்கின்றன. அவை தொழில் செய்பவர்களுக்கானவை, உங்களுக்குத் தேவையில்லை. முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேடும் முன் அந்தச் சாலை யாருடையது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 'ஒன்றியச் சாலை' என்று ஊரில் சொல்வதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் இருக்கும் மாவட்டச் சாலைகளைக்கூட மக்கள் பழக்கத்தில் ஒன்றியச் சாலை என்பார்கள். சாலையோர மைல்கல் இதற்கு உதவும். தலையில் மஞ்சள் பூசியிருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. கல்லே இல்லையென்றால் பலகையில் கடைசி வரியைப் பாருங்கள், அதில் எந்த அலுவலகம் என்று இருக்கும். உங்கள் கைபேசியில் அந்தப் பலகையின் படம் இருந்தால் அதுதான் இப்போது உங்களிடம் இருக்கும் ஆகச் சிறந்த ஆவணம். பணியின் பெயர், திட்டத்தின் பெயர், ஆண்டு மூன்றையும் அதில் உள்ளபடியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சுக் கல் சாலையாக இருந்தால் வேலை இன்னும் எளிது. அந்தத் திட்டத்துக்கென்று ஓமாஸ் என்ற தனித் தளமே இருக்கிறது. மாநிலம், மாவட்டம், வட்டாரம் என்று இறங்கிப் போனால் சாலைவாரியாக விவரம் கிடைக்கும்.

இனி டெண்டர் தளத்துக்கு வருவோம். டிஎன்டெண்டர்ஸ் டாட் ஜிஓவி டாட் இன் என்ற தளத்தைத்தான் நீங்கள் திறந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் 'ஆக்டிவ் டெண்டர்ஸ்' என்ற பகுதியில் தேடியிருப்பீர்கள். எல்லோரும் முதலில் அங்கேதான் போவார்கள். ஆனால் அங்கே இருப்பதெல்லாம் இன்னும் விலை கேட்டுக்கொண்டிருக்கும் டெண்டர்கள். போன வருடம் முடிந்துபோன உங்கள் சாலை அதில் வராது. 'டெண்டர்ஸ் ஸ்டேட்டஸ்' என்ற இணைப்பைத் திறங்கள். டெண்டர் எண், தேடு சொல், நிலை, தேதி முதல் தேதி வரை என்று சில கட்டங்கள் வரும். நிலை என்ற கட்டத்தைத் திறந்தால் விலைப்புள்ளி திறப்பு, தொழில்நுட்ப மதிப்பீடு, நிதி மதிப்பீடு, ரத்து, மறு டெண்டர் என்று ஆங்கிலத்தில் ஒரு வரிசை இருக்கும். அதில் 'ஏஓசி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒப்பந்தம் வழங்கி முடித்த பணிகள் அதன் கீழ் வரும். படத்தில் தெரியும் எழுத்துகளைப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறாமல் அடியுங்கள். தேடல் நடுவே கைபேசியின் பின்செல்லும் பட்டனைத் தொடாதீர்கள், தொடர்பு அறுந்து முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். திரும்பிப் போக அந்தப் பக்கத்திலேயே ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்துங்கள்.

பெரும்பாலானவர்கள் தோற்றுப்போவது தேடு சொல்லில்தான். தளத்தில் பணிகளின் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. உங்கள் ஊர்ப் பெயரை நீங்கள் எப்படி எழுதுவீர்கள் என்பது அங்கே செல்லாது. அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர் அன்றைக்கு எப்படி அடித்தாரோ அதுதான் பதிவு. 'புதூர்' என்பதை நடுவில் 'டி' போட்டும் எழுதுவார்கள், 'டிஎச்' போட்டும் எழுதுவார்கள். 'கீழ்' என்பதற்கு 'கே, ஐ, எல்' என்றும் எழுதுவார்கள், 'கே, இ, இ, எல்' என்றும் எழுதுவார்கள், கடைசியில் 'இசட் எச்' போட்டும் எழுதுவார்கள். பாளையத்தில் ஓர் 'ஐ' கூடும், குறையும். ஆகவே முழுப் பெயரை அடிக்காமல், எப்படி எழுதினாலும் மாறாத ஒரு துண்டை மட்டும் அடித்துப் பாருங்கள். அதற்கும் வரவில்லையென்றால் ஊரை விட்டுவிட்டுச் சாலையின் மறுமுனையைப் பிடியுங்கள். அரசுக் கோப்பில் சாலைக்குப் பெயர் இரண்டு முனைகளைச் சேர்த்துத்தான் இருக்கும். உங்கள் ஊர் அதில் நடுவில் வருகிற ஊராக இருந்தால் பெயரிலேயே இடம்பெறாமல் போகும். பெயரை அடுத்து கி.மீ. 0/0 முதல் 1/6 வரை என்பதுபோல எண்கள் இருக்கும். சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது கிலோமீட்டர், பின்னால் இருப்பது நூறு மீட்டர் கணக்கு. 1/6 என்றால் ஒரு கிலோமீட்டர் அறுநூறு மீட்டர். நீங்கள் சொன்ன நீளத்தோடு இது பொருந்துகிறதா என்று பார்த்தால், ஒரே பெயரில் இரண்டு பணிகள் வந்தாலும் குழப்பம் வராது.

இன்னொரு சிக்கலும் உண்டு. முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம், நபார்டு கடன் போன்றவற்றில் சின்னச் சாலைகளைத் தனித்தனியாக டெண்டர் விடாமல் நாலைந்தைச் சேர்த்து ஒரு பேக்கேஜாக விடுவது வழக்கம். அப்படியானால் தலைப்பில் ஒன்றியத்தின் பெயரும் பேக்கேஜ் எண்ணும்தான் இருக்கும், உங்கள் சாலை உள்ளே இருக்கும் ஆவணத்தில் ஒரு வரியாக ஒளிந்திருக்கும். அதனால் ஊர்ப் பெயர் கைகொடுக்காதபோது ஒன்றியத்தின் பெயரைப் போட்டு, வேலை தொடங்கிய மாதத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து தேதியைக் கொடுத்து, வருகிற ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். பொறுமை வேண்டும், ஆனால் கிடைத்துவிடும். கிடைத்த உடனே டெண்டர் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். வருடம், அலுவலகச் சுருக்கம், ஒரு நீளமான எண், கடைசியில் இன்னொரு சிறிய எண், இவற்றுக்கு நடுவில் கீழ்க்கோடு என்று அது இருக்கும். அந்த எண் கையில் இருந்தால் இனி எழுத்துப்பிழை உங்களைத் தடுக்காது. பக்கத்தை அப்படியே பிடிஎஃப் ஆகச் சேமித்தும் வையுங்கள்.

உள்ளே போனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சுருக்கப் பக்கம் இருக்கும். பலரும் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய் வென்றவரின் பெயரையும் தொகையையும் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். கோட்டக் கணக்கராகப் பல வருடம் ஒப்பந்தக் கோப்புகளோடு இருந்தவன் என்பதால் சொல்கிறேன், அதற்கு முந்தைய பக்கங்களில்தான் கதை இருக்கிறது. எத்தனை பேர் டெண்டர் போட்டார்கள்? தொழில்நுட்பத் தகுதியில் யார் யார் கழிக்கப்பட்டார்கள், என்ன காரணம் எழுதியிருக்கிறது? மீதமிருந்தவர்கள் கேட்ட விலைகளுக்கு நடுவே எவ்வளவு வித்தியாசம்? இவை எல்லாமே வரிசையாக இருக்கும். மூன்று பேர் போட்டு, இருவர் ஒரே மாதிரி ஒரு சின்ன ஆவணத்தை வைக்காமல் விட்டுக் கழிந்து, மூன்றாமவர் மட்டும் மிஞ்சினார் என்றால் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குற்றம் நடந்ததற்கு அது சாட்சி ஆகாது. தகுதி இல்லாதவரைக் கழிப்பது அலுவலரின் கடமையும்கூட. ஆனால் அடுத்த கேள்வியை எங்கே கேட்க வேண்டும் என்று அது காட்டிக்கொடுக்கும்.

தேதிகளையும் விடாதீர்கள். தமிழ்நாட்டு விதிப்படி 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் அவகாசம் தர வேண்டும். குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி காரணத்தை எழுதி வைத்துத்தான் குறைக்க முடியும். வெளியிட்ட தேதியையும் கடைசித் தேதியையும் கழித்துப் பார்க்க உங்களுக்கு எந்தப் படிப்பும் தேவையில்லை. அது 15-க்குக் குறைவாக இருந்தால், குறைத்த உத்தரவின் நகலைக் கேட்க உங்களுக்கு நல்ல காரணம் இருக்கிறது. திருத்த அறிவிப்பு என்று ஏதாவது இணைத்திருந்தால் அதையும் திறந்து பாருங்கள். தேதி தள்ளிப்போனதும், தகுதி விதி மாறியதும் அங்கேதான் தெரியும்.

சரி, அந்த 9 லட்சம். இதில் நீங்கள் அவசரப்பட்டு யாரிடமும் ஒரு வார்த்தை விட்டுவிடக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பலகையில் இருப்பது மதிப்பீட்டுத் தொகை. சாலை போடும் செலவோடு ஜிஎஸ்டி, கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கான 1 சதவீதம், தரப் பரிசோதனை, மேற்பார்வை, எதிர்பாராச் செலவு என்று பலவும் சேர்ந்த மொத்தம் அது. டெண்டரில் ஒப்பந்ததாரர் விலை கொடுப்பது பெரும்பாலும் வேலைக்கான பகுதிக்கு மட்டும். அரசுச் சாலைப் பணிகளுக்கு ஜிஎஸ்டி 2022 ஜூலை 18 முதல் 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. 39 லட்சத்து 40 ஆயிரத்துக்கு டெண்டர் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 18 சதவீதம் 7 லட்சத்து 9 ஆயிரத்துச் சொச்சம். கூட்டினால் 46 லட்சத்து 49 ஆயிரம். மேலே சொன்ன சில்லறைத் தலைப்புகளைச் சேர்த்தால் 48-க்கு அருகில் வந்துவிடும். ஆக உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு தொகையுமே சரியாக இருக்கலாம், நடுவில் எதுவும் காணாமல் போகாமலும் இருக்கலாம்.

இதை நிச்சயப்படுத்திக்கொள்ள, டெண்டர் ஆவணத்தில் கொடுக்க வேண்டிய விலை ஜிஎஸ்டி சேர்த்ததா, நீங்கலாகவா என்ற வரியைத் தேடுங்கள். ஜிஎஸ்டி சேர்த்தே 39 லட்சம் என்று இருந்தால் அப்போது கேள்வி வேறு மாதிரி ஆகிறது: மிச்சமான தொகை திட்டக் கணக்குக்குத் திரும்பியதா, வேறு கூடுதல் வேலைக்குத் திருப்பப்பட்டதா? இன்னொன்று, குறைந்த விலை கேட்டவரை அழைத்துப் பேசி விலையை மேலும் குறைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே விலை ஒப்பீட்டுப் பக்கத்தில் இருக்கும் தொகைக்கும் கடைசிப் பக்கத்தில் இருக்கும் ஒப்பந்தத் தொகைக்கும் சிறு வித்தியாசம் இருந்தால் பதற வேண்டாம். கடைசித் தொகை குறைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கூடியிருந்தால் கேளுங்கள்.

ஏஓசி-யில் உங்கள் பணி வரவே இல்லையென்றால் அதற்கும் வழி இருக்கிறது. வேலையை ஒப்படைத்த பிறகு அந்த விவரத்தை அலுவலகம்தான் தளத்தில் ஏற்ற வேண்டும். பல பணிகளில் அதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். சாலை போட்டு, பணமும் வாங்கி முடிந்திருக்கும், தளத்திலோ டெண்டர் இன்னும் நிதி மதிப்பீட்டிலேயே நின்றுகொண்டிருக்கும். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம். ஒரு சில நிமிட வேலை, அதைச் செய்யாததால் உங்களைப் போன்றவர்கள் அலுவலகப் படி ஏற வேண்டியிருக்கிறது. நிலை என்ற கட்டத்தில் நிதி மதிப்பீட்டைத் தேர்ந்தெடுத்து மறுபடி தேடுங்கள். விலை திறந்த பக்கம் அங்கே இருந்தால் குறைந்த விலை கேட்டவர் யார் என்று அதிலிருந்தே தெரிந்துவிடும். காலாவதியான டெண்டர்களுக்கென்று இருக்கும் ஆவணக் காப்புப் பகுதியையும் ஒருமுறை பாருங்கள்.

வருகிற பெயரை ஊரில் யாரும் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். சாலை போட்டவர் உள்ளூரில் எல்லோருக்கும் தெரிந்த ஒருவர், பதிவில் இருப்பதோ எங்கோ இருக்கும் ஒரு நிறுவனம். இதைக் கண்டதும் பினாமி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நிறுவனத்தின் பெயரில் பதிவு வைத்துக்கொண்டு ஊரில் ஆள் வைத்து வேலை பார்ப்பது சாதாரணமாக நடப்பதுதான். ஜிஎஸ்டி எண் கிடைத்தால் ஜிஎஸ்டி தளத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் போட்டு, சட்டப்படியான பெயர் என்ன, எப்போது பதிவானது என்று பார்த்துக்கொள்ளலாம். டெண்டருக்குச் சில வாரம் முன்னால் பதிவான நிறுவனம், பல வருட அனுபவம் கேட்ட டெண்டரில் எப்படித் தகுதி பெற்றது என்ற கேள்வி அப்போது எழும். உள்குத்தகைக்கு விட அலுவலகம் அனுமதி கொடுத்ததா என்பதையும் எழுத்தில் கேட்கலாம்.

இவ்வளவும் தேடி எடுத்த பிறகு நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது, அந்தப் பக்கம் வேலை யாருக்குக் கிடைத்தது என்பதோடு முடிந்துவிடுகிறது என்பது. கல்யாணப் பத்திரிகையைப் படித்தவருக்குக் குடித்தனம் எப்படி நடக்கிறது என்று தெரியாதல்லவா, அதுபோலத்தான். எத்தனை மில்லிமீட்டர் கனத்துக்குத் தார் போட்டதாகக் கணக்கு எழுதினார்கள், யார் அளந்து கையெழுத்திட்டார்கள், மொத்தம் எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்பதெல்லாம் டெண்டர் தளத்தில் இல்லை. அவை எம் புக் என்று அலுவலகத்தில் சொல்லும் அளவீட்டுப் புத்தகத்திலும் பட்டியல் கோப்பிலும் இருக்கின்றன. அவற்றைப் பெறத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வேண்டும். இணையத் தேடலில் கிடைத்த டெண்டர் எண் இங்கேதான் பயன்படப் போகிறது. 'எங்கள் ஊர்ச் சாலை' என்று எழுதினால் எந்தச் சாலை என்று திருப்பிக் கேட்டுக் காலத்தைக் கடத்தலாம். டெண்டர் எண்ணைப் போட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மனு எழுதும்போது 'ஏன் தரமில்லாமல் போட்டீர்கள்' என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொல்ல அவர்களுக்குக் கடமை இல்லை. ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "டெண்டர் எண் இன்னது, பணியின் பெயர் இன்னது. இப்பணி தொடர்பாகக் கீழ்க்கண்டவற்றின் சான்றிட்ட நகல்களை வழங்கவும்: பணி ஆணை, ஒப்பந்த உடன்படிக்கை, விலைப்பட்டியலுடன், அளவீட்டுப் புத்தகத்தில் இப்பணிக்கான எல்லாப் பக்கங்கள், இதுவரை பணம் வழங்கிய பட்டியல்கள், தரப் பரிசோதனை அறிக்கைகள், பணி நிறைவுச் சான்று. குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் தேதியைத் தெரிவிக்கவும்." இது போதும். மனுவை யாருக்கு அனுப்புவது என்பதும் டெண்டர் பக்கத்திலேயே இருக்கிறது. டெண்டரை அழைத்த அதிகாரி யார் என்று போட்டிருக்கும், அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வரவில்லையென்றால், அல்லது வந்த பதில் அரைகுறையாக இருந்தால், 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

வணிக ரகசியம், மூன்றாம் நபர் தகவல் என்று சொல்லி மறுக்கிற அலுவலகங்கள் உண்டு. டெண்டர் முடிவாகும் முன்னால் அந்த வாதத்துக்கு அர்த்தம் இருக்கிறது. முடிந்து, பொதுப்பணம் கைமாறிய பிறகு அது நிற்காது. டெண்டர் முடிந்தபின் அதில் கலந்துகொண்டவர்கள் கொடுத்த ஆவணங்களை ரகசியம் என்று மறைக்க முடியாது என்று 2007-ல் ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மேல்முறையீட்டில் இதைக் குறிப்பிடுங்கள்.

இதே சட்டத்தில் அதிகம் பேர் தொடாத ஒரு வசதி இருக்கிறது. நகல் கேட்பது மட்டுமல்ல, பணியையும் கோப்பையும் நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைக் கேட்கவும் பிரிவு 2-ன் கீழ் உங்களுக்கு உரிமை உண்டு. கோப்பு பெரிதாக இருந்தால் நேரில் போய்ப் பார்த்து, வேண்டிய பக்கத்துக்கு மட்டும் பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டி நகல் வாங்குவது நல்லது. ஆய்வுக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

வம்பு வருமா என்று கேட்டிருந்தீர்கள். இணையதளத்தில் தேடுவது யாருக்கும் தெரியாது, அதில் பயப்பட ஒன்றுமே இல்லை. தகவல் மனுவில் உங்கள் பெயர் இருக்கும், உள்ளூரில் அது கசிவதும் உண்டு, அதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல நான் விரும்பவில்லை. காரணம் எதுவும் எழுத வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது. வீட்டு முகவரியைத் தர வேண்டாம், அஞ்சல் பெட்டி எண் தந்தாலே போதும் என்று 2013-ல் கொல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான உறவினர் ஒருவரின் பெயரிலேயே மனுப் போடலாம், இந்தியக் குடிமகன் யாரும் எந்த ஊர்ச் சாலையைப் பற்றியும் கேட்கலாம். ஊரில் நாலு பேர் சேர்ந்து ஆளுக்கொரு மனுப் போட்டால் ஒருவர் மீது மட்டும் கண் விழாது. எதைச் செய்தாலும் ஒப்பந்ததாரரிடமோ அவர் ஆட்களிடமோ நேரில் போய்க் கேட்காதீர்கள். பேச்சு காகிதத்தோடு மட்டும் இருக்கட்டும்.

இதே பக்கத்தைப் படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு வரி. மத்திய அரசு அலுவலகம் கொடுத்த ஒப்பந்தம் என்றால் ஈப்ரோக்யூர் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் தேடுங்கள், அமைச்சகங்கள் டெண்டரையும் யாருக்குக் கொடுத்தோம் என்பதையும் அங்கே வெளியிட வேண்டும் என்று 2017-ம் வருடப் பொது நிதி விதிகளின் 159-வது விதி கட்டாயப்படுத்துகிறது. நாற்காலி, கணினி போன்ற கொள்முதல் என்றால் அரசு அலுவலகங்கள் பொருள் வாங்கும் இணையச் சந்தையான ஜெம் தளத்தில் ஒப்பந்தங்களைப் பார்க்கும் பகுதி பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கிறது. கிராம ஊராட்சி தன் கணக்கிலிருந்து கொடுத்த பணம் என்றால் ஈகிராம்ஸ்வராஜ் தளத்தில் ஊராட்சிவாரியாக வவுச்சர்கள் இருக்கும். உலக வங்கிக் கடனில் நடக்கும் பணிகளின் பெரிய ஒப்பந்தங்களை அந்த வங்கியே தன் தளத்தில் வெளியிடுகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு வேண்டியது ஆளைப் பிடிப்பதா, சாலையைச் சரிசெய்வதா என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். சாலைதான் என்றால், மேலே கேட்ட எல்லாவற்றையும்விட முக்கியமானது குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எப்போது முடிகிறது என்ற அந்தத் தேதி. வேலை முடிந்த நாளிலிருந்து ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் காலம் வரை சாலை பழுதானால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் அது 5 வருடம், மற்ற திட்டங்களில் உடன்படிக்கையில் உள்ளபடி. அதுவரை அவருடைய பணத்தில் ஒரு பகுதி அலுவலகத்தின் கையில் பிணையாக இருக்கும். அது திரும்பக் கொடுக்கப்படும் முன்னால் உங்கள் மனு போய்ச் சேர வேண்டும். பெயர்ந்த இடங்களைத் தேதி தெரியும்படி படம் எடுத்து, டெண்டர் எண்ணையும் உடன்படிக்கை எண்ணையும் குறிப்பிட்டு, பொறுப்புக் காலம் முடிவதற்குள் ஒப்பந்ததாரர் செலவில் சரிசெய்யுமாறு டெண்டரை அழைத்த அதிகாரிக்கும், ஒரு நகல் மாவட்ட ஆட்சியருக்கும் ஒப்புகையோடு அனுப்புங்கள். தகவல் மனுவின் பதிலுக்காக இதை நிறுத்தி வைக்க வேண்டாம், இரண்டும் ஒரே வாரத்தில் போகட்டும்.

எம் புக் நகல் வந்ததும் அதில் நீளம், அகலம், கனம் என்று மூன்று கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கிராமச் சாலையில் தார்ப்பரப்பின் அகலம் பெரும்பாலும் 3.75 மீட்டர் என்று எழுதியிருப்பார்கள். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு, ஓரம் உடையாத நாலைந்து இடங்களில் அகலத்தை அளந்து, அளந்த இடத்தின் கிலோமீட்டர் கணக்கோடு ஒரு தாளில் எழுதி, எம் புக் பக்கங்களின் நகலோடு சேர்த்து எனக்கு அனுப்பி வையுங்கள். அடுத்து என்ன எழுத வேண்டும் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.